உள்ளே இறங்கிய நீலம்

எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் இப்போது இருக்கிற ஐந்து வில்லும் டப்பாப் பூச்சு அடித்தவை. தடிமனாக அடித்து, மேலே வார்னிஷும் போட்டு, புதுக் கட்டில் கால் மாதிரி பளபளக்கின்றன. போட்டோவில் நன்றாக விழுகிறது என்று கோயில்காரர்களுக்கு அதில் பரம திருப்தி. எனக்கோ பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இந்தப் பூச்சை அன்றைக்கே அடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஒரு மனம் கேட்கும். அவர் எங்கே அடிப்பார் என்று இன்னொரு மனம் சொல்லும்.

அவர் என்றால் பக்கத்து வீட்டுத் தச்சர். நான் இந்தத் தீவின் தலைநகரமான போர்ட் லூயிசிலிருந்து வாழ்க்கைப்பட்டு ட்ரியோலே கிராமத்துக்கு வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் அவருடைய ஒரே மகள் அஞ்சலையும் இருந்தார்கள். மனைவி காய்ச்சலில் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்கெல்லாம் வீட்டில் பிரெஞ்சு கலந்த கிரியோல், கோயிலில் தமிழ். அவருக்குக் கோழி விரட்டவும் தமிழ்தான். கதவு, வண்டிச் சக்கரம், சவப்பெட்டி என்று எது கேட்டாலும் செய்வார். ஆனால் ஊர் அவரை வில்லுக்காரர் என்றுதான் சொல்லும்.

ஆடி மாதம் தீமிதி வரும். பாண்டவர் ஐவருக்காக ஐந்து ஆண்கள் விரதம் இருந்து, ஆளுக்கொரு வில் ஏந்தித் தீயில் இறங்குவார்கள். யாருக்கு எந்த வில் என்று அம்மன் முன்னால் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பார்கள். தருமருக்கு மஞ்சள், வீமனுக்குச் சிவப்பு, அர்ச்சுனனுக்கு நீலம், இளையவர் இருவருக்கும் பச்சையும் ஊதாவும். காப்புக் கட்டியதிலிருந்து தீமிதி முடிகிறவரை அந்த வில் தரையில் படக்கூடாது, கையை விட்டும் போகக்கூடாது. ஒரு கையில் வில், மறு கையில் சோறு. தூங்கும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். குளிக்கவும் வில்லோடுதான், கொல்லைக்குப் போகவும் வில்லோடுதான். பெண்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தீமிதி முடிந்த மறுநாள் ஐந்தையும் ஆற்றில் விட்டுவிடுவார்கள், அடுத்த வருஷத்துக்கு மாமா புதிதாகச் செய்வார்.

மேட்டுப் பக்கத்துக் காடுகளில் வளர்கிற சீனக் கொய்யாவின் நேர்க் கம்புகளைத்தான் வெட்டி வருவார். நிழலில் காயவைத்து, இழைத்து, தண்ணீர் தொட்டு ஒரு முறை துடைப்பார். பூனை முடி மாதிரி மரத்தில் சிலும்பு எழும்பும். அதைக் கண்ணாடிச் சில்லால் வழித்து எடுத்த பிறகுதான் சாயம். சீனர் கடையில் துணிக்கு விற்கிற சாயப்பொடியை வாங்கி ரம்மில் கரைப்பார். தண்ணீரில் கரைத்தால் மறுபடி சிலும்பும், ரம் என்றால் விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும் என்பார். குடிக்காத மனுஷன் வருஷத்துக்கு ஒரு தரம் ரம் புட்டியோடு தெருவில் வந்தால் சும்மா விடுவார்களா? "மாமா, கொய்யாக் கட்டைக்கு ஊத்துறதை எங்களுக்கு ஊத்தினா நாங்களும் நீலமா மாறுவோம்" என்று பையன்கள் வம்புக்கு இழுப்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். ஆடி முடிந்து ஒரு மாதம் ஆனாலும் அவர் விரல் இடுக்குகளில் ஐந்து நிறமும் இருக்கும்.

அந்தச் சாயத்தில் மரத்தின் வரி மறையாது. ஓடுகிற ரேகை, முடிச்சு, சின்னக் கீறல் எல்லாம் நீலத்துக்கு அடியில் அப்படியே தெரியும். கரும்பு ஆலையில் கலகம் நடந்த வருஷம் கோயில் தலைவர் போர்ட் லூயிசிலிருந்து ஐந்து டப்பாப் பூச்சு வாங்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"இந்த வருஷம் இதை அடிங்க. ஜனங்க தூரத்துல நின்னு பாத்தாலும் தெரியணும். உங்க சாயம் பக்கத்துல வந்தாத்தான் தெரியுது."

"இதை அடிச்சா கீறல் தெரியாதுங்க."

"தெரியாம இருக்கத்தானே அடிக்கிறது."

"கீறல் இருக்குன்னு தெரியாம வளைச்சா, வளைக்கிறவன் மூஞ்சியில தெறிக்கும்" என்றார் மாமா. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தலைவரின் வண்டியில் அவரே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வில்லில் மட்டும் இப்படி இருந்திருந்தால் பரவாயில்லை. மனுஷனுக்கு எதையுமே மூடத் தெரியாது. எனக்கு முதல் குழந்தை பிறந்து ஏழாம் மாதம் காய்ச்சல் கண்டது. வந்தவர்கள் எல்லோரும் சரியாகிவிடும், அம்மனுக்கு மாவிளக்குப் போடு என்றார்கள். மாமா வந்தார். குழந்தையின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். "இது தங்காது, பொண்ணே. அடுப்பு வேலையெல்லாம் விட்டுட்டு மடியில வச்சுக்கோ. கீழே விடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் மாமியார் வேலி வரைக்கும் துரத்திக்கொண்டு போய்த் திட்டினாள். நானும் சபித்தேன். ஆனால் மடியில் வைத்துக்கொண்டேன். குழந்தை அன்று மாலையே என் கைக்குள்ளேயே போயிற்று. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அப்போது கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருந்திருப்பேன். இதற்காக அவரை நேசித்தேனா வெறுத்தேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

அஞ்சலையைப் பெண் பார்க்க வந்தபோதும் அதே கதை. மாயெபூர்ப் பக்கத்து ஆட்கள், நல்ல இடம். தேத்தண்ணீர் குடித்து, பெண் பிடித்துவிட்டது என்று சொல்லிய பிறகு இவர் எழுந்து நின்றார். "சின்ன வயசில என் பொண்ணுக்கு ரெண்டு தரம் வலிப்பு வந்திருக்கு. அதிர்ச்சி ஆனா வரும்னு டாக்டர் சொன்னார். தெரிஞ்சுக்கங்க." வந்தவர்கள் குடித்த கோப்பையை வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அஞ்சலை என் சமையல்கட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளைப் பையன் மட்டும் தனியாக வந்தான். குப்புசாமி என்று பேர். எங்கள் வாசலில் நின்று என் வீட்டுக்காரரிடம் சொன்னான்: "அண்ணே, எங்க ஊர்ல நாலு பொண்ணு பாத்தேன். எல்லா அப்பனும் எதையோ மறைச்சான். இவர் ஒருத்தர்தான் எழுந்து நின்னு சொன்னார். எனக்கு இந்த மாமனார்தான் வேணும்." பெண்ணைக் கேட்டு வந்தானா மாமனாரைக் கேட்டு வந்தானா என்று நாங்கள் வெகுநாள் கேலி செய்தோம். கல்யாணம் முடிந்து எங்கள் ஊரோடே வந்து தங்கி ஆலை வேலைக்குச் சேர்ந்தான். மாமாவிடம் அவனுக்கு இருந்த பிரியத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

அஞ்சலைக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவதாக நின்றபோது, பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று குப்புசாமி தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டான். சீட்டில் அவனுக்கு அர்ச்சுனன் விழுந்தது. மாமா நீலத்தை அந்த வருஷம் மூன்று தரம் ஏற்றினார். என் வீட்டுக்காரருக்குத் தருமர் சீட்டு, மஞ்சள் வில்.

கரும்பு வெட்டுகிற காலம் அது. ஆலைக்காரர்கள் கரும்பு விலையைக் குறைத்துவிட்டார்கள், கூலியும் குறைந்தது. ஒரு காலை ஊர் மொத்தமும் ஆலை வாசலுக்குப் போய் உட்கார்ந்தது. விரதக்காரர்கள் போக வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். ஊரே போகும்போது வீட்டில் இருக்க அவர்களுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வில்லைக் கீழே வைத்துவிட்டுப் போகவும் வழியில்லை. ஐந்து பேரும் வில்லும் கையுமாகப் போனார்கள். தோட்டத்து முதலாளிகள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? கூலிகள் ஆயுதத்தோடு வந்துவிட்டார்கள் என்று போலீசுக்கு ஆள் போயிற்று. அம்பு எங்கே என்று ஒருவன் கேட்டிருக்கக் கூடாதா.

தள்ளுமுள்ளில் ஒரு கிழவி விழுந்தாள். தோட்டத்துக் கூலிகளை மேய்க்கிற சர்தார் அவளை எழுப்புகிற சாக்கில் கைத்தடியால் அடித்தான், மறுபடியும் அடித்தான். பக்கத்தில் நின்ற குப்புசாமி கையில் இருந்ததால் ஓங்கி ஒரு வீச்சு வீசினான். கையில் இருந்தது வில். சர்தார் சரிந்து கரும்பு நிறுக்கும் தராசின் இரும்பில் மண்டையை மோதிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அவனுடைய ஆள் ஒருவன் போலீசிடம், முகம் தெரியவில்லை, நீல வில் வைத்திருந்தவன் அடித்தான் என்று சொல்லியிருந்தான்.

அன்றைக்கு ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. மற்ற நால்வரும் வில்லை எரித்துவிட்டார்கள். காப்பை அறுத்துவிட்டார்கள். தீமிதி அந்த வருஷம் இல்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ள, மஞ்சள் வில்லை நான்தான் ஒடித்து அடுப்பில் வைத்தேன். அம்மன் கோபித்தால் கோபிக்கட்டும், ஒரு ஆளைக் காப்பாற்ற வேண்டும். போலீஸ் வந்து எதைக் கேட்டாலும் பா கொனே என்று சொல்வது என்று பேச்சு. தெரியாது என்று அர்த்தம். பல் முளைத்த குழந்தைக்குக்கூட எங்கள் ஊரில் அது சொல்ல வரும்.

எரிக்க வேண்டியவன் மட்டும் எரிக்கவில்லை. "அக்கா, பிள்ளைக்காகப் பிடிச்ச வில்லு. தீயில இறங்காம இதைக் கைவிட்டா அவ வயித்துக்கு ஆகாது" என்றான் குப்புசாமி. நான் கெஞ்சினேன், திட்டினேன். நாணை அவிழ்த்தான், இரண்டு முனையையும் அறுத்தான். பிறகு கொல்லையில் உட்கார்ந்து புட்டிச் சில்லால் நீலத்தைச் சுரண்டினான். பூச்சாக இருந்திருந்தால் ஒரு நாழிகையில் போயிருக்கும். மாமாவின் சாயம் சுரண்டச் சுரண்ட வெளிறியதே தவிர விடவில்லை. மரம் மெலிந்துகொண்டே போயிற்று, அடியில் நீலம் இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் சாணியும் சாம்பலும் தேய்த்துக் கையில் வைத்துக்கொண்டான். போலீஸ் வந்தபோது, கரும்புக் கட்டுத் தூக்குகிற கம்பு என்றான். கம்பையும் அவனையும் கொண்டுபோனார்கள்.

கம்பா வில்லா என்று சொல்ல ஒரே ஒருவரால்தான் முடியும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா என்று மாமாவுக்கு உத்தரவு வந்தது.

அஞ்சலை அவர் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா, ரெண்டே வார்த்தை. பா கொனே. நீ வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சொல்றேம்மா."

"என் தலையில கைவச்சுச் சொல்லு."

வைத்தார். அன்று பொழுது முழுக்க இழைப்புளி ஓடுகிற சத்தத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் பா கொனே, பா கொனே என்று அவர் சொல்லிப் பழகுவது கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் பாதி ஊர் நின்றது. நான் அஞ்சலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தார், கான்ஸ்டபிள் கிரியோலில் கேட்டான், இது என்ன என்று. மாமா அதை வாங்கினார். கண்ணால் பார்க்கவே இல்லை. கைகள் தாமாகவே அதை முழங்காலில் வைத்து வளைத்தன. இருபுறமும் ஒன்றுபோல வளைந்தது.

"வில்லு" என்றார்.

"யார் செய்தது?"

அவர் உதடு பிரிந்தது. 'பா' என்கிற வரைக்கும் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் வரவில்லை. "நான்தான் செஞ்சேன். நீலம் என் கையால ஏத்தினது. என் மருமகனுக்கு."

அஞ்சலை என் தோளைக் கடித்தாள். அவர் நிறுத்தவில்லை. கிழவி விழுந்தது, சர்தார் அடித்தது, அதைத் தடுக்கத்தான் குப்புசாமி வீசினான், கொல்ல நினைக்கவில்லை என்று, அவன் தன்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். முழுசாகச் சொன்னால் முழுசாகத் தெரியும் என்று நம்பினார் போலும். இன்ஸ்பெக்டர் எங்கள் பக்கம் திரும்பி, இதை யார் பார்த்தது என்று கேட்டார். முன்வரிசையிலிருந்து பா கொனே. அடுத்த வரிசையிலும் பா கொனே. அடி வாங்கிய கிழவியும் அதையே சொன்னாள். என் வீட்டுக்காரரும் சொன்னார். பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அவரையும் சேர்த்து உள்ளே தள்ளியிருப்பார்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவருக்குச் சோறு போடக் கை வரவில்லை. கோர்ட்டில் மாமா சொன்னதில், வில் யாருடையது என்கிற முதல் பாதிதான் நின்றது. குப்புசாமிக்கு நீண்ட கடுங்காவல்.

அதற்குப் பிறகு ஒருவரும் அவரிடம் ஒரு முக்காலிகூடச் செய்யச் சொல்லவில்லை. ஒருநாள் வேலியோரம் நின்றார். ஏன் மாமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வாய் வரல, பொண்ணே. வீட்ல வந்துச்சு. அங்க போனா வரல."

தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலர், சத்தியம் தவறாத மனுஷன் என்று அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அது சத்தியமும் இல்லை ஒன்றும் இல்லை, சிலருக்கு ஒரு கால் சூம்பி இருக்கிற மாதிரி இவருக்கு ஒரு ஊனம் என்றுதான் நான் நினைத்தேன். அஞ்சலையும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். "நொண்டியைப் பாத்து ஏன் ஓடலைன்னு கேக்க முடியுமாக்கா" என்று சொல்லிவிட்டு அவருக்குச் சோறு போட்டாள். அவள் அவரை மன்னித்தது அந்த ஒரு நினைப்பில்தான்.

வாரம் தவறாமல் மாமா போர்ட் லூயிஸ் சிறைக்குப் போய்வருவார். அஞ்சலைக்கு வயிறு பெருத்துவிட்டதால் பஸ்ஸில் போக முடியாது. திரும்பி வந்ததும் வாசற்படியில் நின்றே சொல்வார்: "இளைச்சிருக்கான். இருமறான். பல்லு ஒண்ணு விழுந்துடுச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்." வேறு எந்த அப்பனும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் இப்படிச் சொல்ல மாட்டான். அஞ்சலை கேட்டு அழுவாள். ஆனால் அழுது முடித்ததும், அப்பா சொன்னா அதுக்கு மேல ஒண்ணும் இருக்காது என்று நிம்மதியாகத் தூங்குவாள்.

தை பிறந்தபோது சேதி நல்லதாக வர ஆரம்பித்தது. இருமல் நின்றுவிட்டதாம். அஞ்சலை செய்து கொடுத்தனுப்பிய எள்ளுருண்டை நன்றாக இருந்ததாம், அடுத்த தடவை வெல்லம் கொஞ்சம் கூடப் போடச் சொன்னானாம். நல்ல வார்டர் ஒருவன் வந்திருக்கிறானாம். அஞ்சலை முகத்தில் சதை பிடித்தது. ஒரு வாரம், பெண் பிறந்தால் தன் தாயின் பேரை வைக்கும்படி குப்புசாமி சொன்னதாக மாமா வந்து சொன்னார். அஞ்சலை அந்தப் பேரை வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். எனக்கே பொறுக்காமல் கண் கலங்கியது.

பெண்தான் பிறந்தது. பிரசவம் லேசாக முடிந்தது, வலிப்பு கிலிப்பு ஒன்றும் வரவில்லை. அந்தப் பேரையே வைத்தோம். முப்பது நாள் தீட்டுக் கழிந்து, நான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"அம்மாடி, குப்புசாமி இல்ல. தை மாசமே போயிட்டான். காய்ச்சல். அங்கேயே புதைச்சாங்க. நான் போயிருந்தேன்."

அஞ்சலைக்கு வலிப்பு வரும் என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"எள்ளுருண்டை?"

"பிச்சைக்காரங்களுக்குக் குடுத்தேன்."

"உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாருன்னியே?"

"அது அதுக்கு முன்னாடி. அது நெசம்."

"பேர்?"

அவர் குழந்தையைப் பார்த்தார். "நான் வச்சது" என்றார். "உனக்கு வலிப்பு வந்துடும்னு பயந்துட்டேம்மா. பிள்ளையும் போயிடும்னு பயந்துட்டேன்."

அவர் செய்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அஞ்சலை கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. புதிதாக எதையோ தெரிந்துகொண்டவள் போலப் பேசினாள்.

"அப்போ உனக்குப் பொய் வரும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"வாரா வாரம் வந்திருக்கு. எள்ளுருண்டைக்கு வெல்லம் பத்தலைங்கிற வரைக்கும் வந்திருக்கு. அன்னைக்கு ஸ்டேஷன்லயும் வந்திருக்கும், இல்லப்பா?"

மாமா யோசித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று நிஜமாகவே யோசித்தார்.

"வந்திருக்கும்னுதான் தோணுது" என்றார்.

அஞ்சலை என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். மறுநாள் மாயெபூருக்குக் குப்புசாமியின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் மாமா செத்ததற்கும் அவள் வரவில்லை. அவளுடைய பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கின்றன. தாய் ஒரு தடவைகூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம்.